தகுதியானவர் எவரும் கிடைக்கவில்லை

வேலை விளம்பரத்தை நம் பிள்ளைகள் மேலிருந்து கீழே படிக்கிறார்கள். பதவியின் பெயர், எத்தனை இடம், என்ன சம்பளம், என்ன படிப்பு, கடைசித் தேதி. கீழிருந்து மேலே படிக்க வேண்டும் என்பது என் கட்சி. அதிலும் உயிரியல் ஆய்வு நிறுவனங்கள் போடுகிற விளம்பரத்தை அப்படித்தான் படிக்கணும். சங்கதியெல்லாம் அடியில், சின்ன எழுத்தில் இருக்கிறது. இப்பணி முற்றிலும் தற்காலிகமானது. திட்டம் முடிந்ததும் பணியும் முடியும், நிரந்தர வேலைக்கு உரிமை கோர முடியாது. நேர்முகத் தேர்வுக்கு வரப் பயணப்படி கிடையாது. காரணம் எதுவும் சொல்லாமல் விண்ணப்பத்தைத் தள்ளிவிட நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அதற்கு மேலே 'விரும்பத்தக்க தகுதி' என்று இரண்டு வரி. இன்னும் மேலே போனால், கொஞ்சம் பெரிய பதவியாக இருந்தால், இடங்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் எஸ்.சி., எஸ்.டி. என்ற கட்டமே இருக்காது.

"உங்காளுங்க அப்ளை பண்றதே இல்லையே, நாங்க என்ன செய்யட்டும்?" என்று பேராசிரியர்கள் கேட்பதை நாம் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருப்போம். கட்டமே போடாத இடத்துக்கு எவன் அப்ளை பண்ணுவான்? அந்தக் கட்டம் தானாக விட்டுப்போனதில்லை. தேதி போட்டு, எண் போட்டு, கையெழுத்துப் போட்டு அழித்திருக்கிறார்கள். எப்போது, எந்தக் காகிதத்தால் அழித்தார்கள் என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாம் உயிரியலுக்கு வெளியே நின்றவர்கள், இப்போதுதான் உள்ளே வரப் பார்க்கிறோம் என்று பேசுவது பொய். நாம் எப்போதும் உள்ளேதான் இருந்தோம். எந்த வேலையில் இருந்தோம் என்பதுதான் விஷயம்.

1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா மனிதப் பிணத்தை அறுத்துப் பார்த்தார். சாதிக் கட்டுப்பாட்டை உடைத்த புரட்சி என்று அதை எழுதி வைத்திருக்கிறார்கள். கோட்டையில் பீரங்கி வெடித்து மரியாதை செய்ததாகவும் ஒரு கதை உண்டு. இருக்கட்டும். பிணத்தைத் தூக்கிவந்து, கழுவி, மேஜையில் கிடத்தி, அறுத்து முடித்ததும் அள்ளிக்கொண்டு போகிற வேலை எந்தக் காலத்திலும் வைத்தியர் சாதியின் வேலையாக இருந்ததில்லை. வங்காளத்தில் அது டோம்களின் வேலை. தலைமுறை தலைமுறையாகப் பிணத்தைத் தொட்டவனுக்கு எந்தப் பீரங்கியும் வெடிக்கவில்லை, ஒரு நாள் தொட்டவருக்கு வெடித்தது. இன்றைக்கும் நம் அரசு ஆஸ்பத்திரிப் பிணவறைகளில் போய்ப் பாருங்கள். கத்தியைப் பிடித்துப் பிளப்பது பெரும்பாலும் துப்புரவுப் பணியாளாக வேலைக்குச் சேர்ந்த நம் ஆள்தான். டாக்டர் நாலடி தள்ளி நின்று எழுதிக்கொள்வார். கல்லீரல் எங்கே இருக்கிறது, சாராயம் குடித்தவன் கல்லீரல் என்ன நிறத்தில் இருக்கும், தூக்கில் தொங்கியவன் கழுத்து எப்படி இருக்கும் என்று அந்த மனுஷனுக்குத் தெரியும். ஆனால் அறிக்கையில் அவர் பெயர் வராது.

1897இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் மலேரியாவின் ரகசியத்தைக் கண்டுபிடித்தபோது, கொசுக்களைக் கடிக்கவிட்டுக்கொண்டு படுத்திருந்தவர் உசேன் கான் என்ற நோயாளி. ஒரு கொசுவுக்கு ஒரு அணா கூலி. 1902இல் ராஸுக்கு நோபல் பரிசு வந்தது. உசேன் கான் தலித் அல்ல. ஆனால் உடம்பைக் கொடுக்கிறவன் ஒருவன், பெயரை வாங்குகிறவன் ஒருவன் என்ற ஏற்பாடு வெள்ளைக்காரன் காலத்திலேயே ஆய்வுக்கூடத்துக்குள் வந்துவிட்டது என்பதற்காகச் சொல்கிறேன். சாதி அதை ரொம்ப சௌகரியமாக எடுத்துக்கொண்டது.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். 1948இல் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தோல் என்பது என்ன? செத்த மாட்டை உரித்தான், அதனால் தீண்டத்தகாதவன் என்று யாரைத் தள்ளி வைத்தார்களோ அவனுடைய அறிவு. சுண்ணாம்புத் தொட்டியில் எத்தனை நாள் ஊறினால் மயிர் கழலும், ஆவாரம்பட்டைச் சாறு தோலுக்குள் எப்போது இறங்கும், கடுக்காயை எந்தக் கட்டத்தில் போடணும், வெயில் நாளில் எத்தனை, மழை நாளில் எத்தனை என்று ஒரு முழுப் பாடத்திட்டமே அந்தக் கைகளில் இருந்தது. அதே சங்கதி அடையாறுக்குள் போனதும் புரதம், நொதி, டானின் என்று பெயர் மாற்றிக்கொண்டு விஞ்ஞானமாகிவிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு சேரியைத் தாண்டிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் தோலில் டாக்டர் பட்டம் வாங்கியதில் எனக்கு வருத்தமில்லை, படிப்பு எல்லோருக்கும் பொது. தொட்டிக்குள் இடுப்பளவு இறங்கி நின்றவரின் பேத்தி அதே படிப்பைப் படித்துவிட்டு வந்தால், இப்படிப்பட்ட கட்டடங்களில் அவளுக்கு எந்த வேலை வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

இருளர்களையும் இதில் சேர்க்க வேண்டும். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வியாபாரம் நின்று பிழைப்புப் போனவர்கள், 1978இல் மாமல்லபுரத்துக்கு அருகே கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்று நாலு பாம்பையும் பிடித்து, விஷம் எடுத்து, திரும்ப விட்டுவிடுகிறார்கள். நாட்டில் பாம்புக்கடிக்குப் போடுகிற மருந்து தயாரிக்க அந்த விஷம் போகிறது. மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சந்தோஷம். பாம்பின் நடமாட்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு வேலை இருக்கிறது, கட்டுரைக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்தவருக்கு நன்றி சொல்லும் பத்தியில் ஒரு வரி இருக்கிறது.

இப்போது காகிதங்களுக்கு வருகிறேன்.

இந்தியாவின் ஆய்வு வேலைகளுக்கு அஸ்திவாரம் போட்டது அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழு, அதாவது சி.எஸ்.ஐ.ஆர். 1942 செப்டம்பர் 26 அன்று அது உருவானது. அதற்கு முன்னோடியாக 1940இல் அமைத்த ஆராய்ச்சி வாரியத்துக்குத் தலைவர் யார் தெரியுமா? ஆற்காடு ராமசாமி முதலியார், நீதிக்கட்சிக்காரர். அந்த 1942 ஜூலையில்தான் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகச் சேர்ந்திருந்தார். அக்டோபர் 29ஆம் தேதி லின்லித்கோ பிரபுவிடம் ஒரு மனு கொடுக்கிறார். சி.எஸ்.ஐ.ஆர். பிறந்து முப்பத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. தாழ்த்தப்பட்டோரின் குறைகள் என்ற அந்த மனுவில் அரசியல் பிரதிநிதித்துவம் இருக்கிறது, உத்தியோகம் இருக்கிறது. நம் ஆட்கள் அவ்வளவாகப் பேசாத இன்னொன்றும் இருக்கிறது. கலைப்படிப்பும் சட்டப்படிப்பும் மட்டும் எங்களை உயர்த்தாது. அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்படிப்பு வேண்டும். அதற்காகும் செலவை எங்கள் ஜனங்களால் தாங்க முடியாது, எனவே சர்க்கார் தாங்க வேண்டும் என்று கேட்கிறார். உள்நாட்டில் படிக்கவும் வெளிநாடு போய்ப் படிக்கவும் உதவித்தொகை கேட்டார். கிடைத்தது ஆண்டுக்கு 3 லட்ச ரூபாய். இன்று கல்லூரியில் நம் பிள்ளைகள் வாங்குகிற உதவித்தொகைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

அம்பேத்கர் சட்டம் படித்தவர், பொருளாதாரம் படித்தவர். அப்படிப்பட்டவர் சட்டப்படிப்பு போதாது என்று சொன்னார் என்றால் யோசிக்கணும். ஆய்வுக்கூடம்தான் அடுத்த அக்கிரகாரம் என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

1943இல் மத்திய அரசுப் பணிகளில் தாழ்த்தப்பட்டோருக்கு 8.33 சதவீதம், 1946இல் 12.5 சதவீதம், 1970இல் 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5 சதவீதம் என்று கணக்கு ஏறியது. இடையில் 1951இல் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அந்தச் செண்பகம் துரைராஜன் வழக்கே மருத்துவக் கல்லூரி இடத்துக்கானதுதான். வழக்குப் போட்ட அம்மையார் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது. போட்டிருந்தாலும் கிடைத்திருக்காது என்ற பயத்துக்கு நீதிமன்றம் காது கொடுத்தது. 'உங்காளுங்க அப்ளை பண்றதில்லையே' என்கிறவர்களுக்கு இதை ஞாபகப்படுத்தி வையுங்கள். அந்தத் தீர்ப்பை எதிர்த்துத் தமிழ்நாடு கொதித்ததும் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்ததும் திராவிட மேடைகளில் ஆயிரம் முறை சொல்லியாயிற்று. 1927இன் வகுப்புவாரி ஆணையில் பன்னிரண்டு இடத்தில் நமக்கு ஒன்றே ஒன்று என்பதை மட்டும் மேடையில் சொல்ல மாட்டார்கள்.

1970இல் 15 சதவீதம் ஆக்கினார்கள் அல்லவா? ஐந்தே வருஷத்தில் உள்கதவுக்குப் பூட்டு வந்தது. 1975 ஜூன் 23 தேதியிட்ட அலுவலகக் குறிப்பு அது. இரண்டு நாள் கழித்து நெருக்கடி நிலை வந்தது. நாடே அதைப் பேசியது, இதை யாரும் பேசவில்லை. குறிப்பு சொல்வது இதுதான். அறிவியல், தொழில்நுட்பப் பதவிகளில் மூன்று நிபந்தனைக்கு உட்படுகிறவற்றுக்கு இட ஒதுக்கீட்டிலிருந்து விலக்கு உண்டு. ஒன்று, பதவி 'ஏ' பிரிவின் அடிப்படியைவிட மேலே இருக்க வேண்டும். இரண்டு, 1961 டிசம்பரில் அமைச்சரவைச் செயலகம் கொடுத்த வரையறைப்படி அது அறிவியல் பதவியாக இருக்க வேண்டும். அதாவது இயற்கை அறிவியலிலோ தொழில்நுட்பத்திலோ படிப்புத் தேவைப்படுகிற, அந்த அறிவை வேலையில் பயன்படுத்த வேண்டிய பதவி. மூன்று, அது ஆராய்ச்சி செய்வதற்கான, அல்லது ஆராய்ச்சியை ஒழுங்குபடுத்தி வழிநடத்துவதற்கான பதவியாக இருக்க வேண்டும். துறை அமைச்சர் ஒப்புதல் கொடுத்தால் போதும், விலக்கு வந்துவிடும்.

இந்த மூன்றாவது நிபந்தனையைத் திரும்பத் திரும்பப் படித்துப் பாருங்கள். அலுவலகம் நடத்துவதற்கு நாம் ஆகும். கணக்கு எழுத ஆகும். காவல் காக்க, கண்ணாடிக் குடுவை கழுவ, எலிக்கூண்டைச் சுத்தம் பண்ண, செத்த முயலைப் புதைக்க ஆகும். முதல் படியில் ஒரு கால் வைக்கவும் ஆகும். ஆராய்ச்சி செய்வதற்கும், ஆராய்ச்சி இப்படி நடக்கட்டும் என்று சொல்வதற்கும் ஆகாது. மனு தர்மத்தில் எழுதியிருந்தால் கொளுத்தியிருப்போம். அலுவலகக் குறிப்பாக இருந்ததால் கோப்பில் கிடக்கிறது.

அரசியல் சட்டத்தின் 335ஆவது பிரிவில் நம் உரிமையைச் சொல்லிவிட்டு, நிர்வாகத்தின் திறமை கெடாதபடி என்று ஒரு கொக்கியும் போட்டிருக்கிறார்கள். எல்லா விலக்கும் அந்தக் கொக்கியில்தான் தொங்குகிறது. 1992 நவம்பர் 16 மண்டல் தீர்ப்பை நாம் வெற்றியாகக் கொண்டாடினோம். ஜீவன் ரெட்டி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் உள்ளே ஒரு பட்டியல் இருக்கிறது. ஆராய்ச்சி நிறுவனங்களின் தொழில்நுட்பப் பதவிகள், பேராசிரியரும் அதற்கு மேற்பட்ட கற்பித்தல் பதவிகளும், மருத்துவத்திலும் அறிவியலிலும் உச்சச் சிறப்புத் துறைப் பதவிகள், விமானிகள். இவற்றில் ஒதுக்கீடு உசிதமல்ல என்று நீதிமன்றம் கருதியது. 1975இல் அதிகாரி சொன்னதை 1992இல் நீதிபதி சொன்னார். 2013இல் அகில இந்திய மருத்துவக் கழக ஆசிரியர் சங்கத்தின் வழக்கில் அரசியல் சாசன அமர்வு அதையே பிடித்துக்கொண்டது.

இதில் உயிரியலுக்கென்று ஒரு தனிக் கதை உண்டு. இயற்பியல், வேதியியல் ஆய்வுக்கூடங்கள் பல 1940களிலும் 50களிலும் வந்துவிட்டன. நவீன உயிரியலின் பெரிய வீடுகள் அப்படியில்லை. ஐதராபாத்தின் சி.சி.எம்.பி. 1977இல் ஆரம்பமாகிறது. டில்லியில் தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனம் 1981. உயிரித் தொழில்நுட்பத்துக்கென்று மத்திய அரசில் தனித்துறை 1986. அதற்கப்புறம்தான் பெங்களூரின் தேசிய உயிரியல் மையம், மானேசரின் மூளை ஆய்வு மையம் எல்லாம். அதாவது மரபணு, மூலக்கூறு, தடுப்பூசி என்று பணம் கொட்டிய துறை முழுவதும் பூட்டுப் போட்ட பிறகு கட்டிய வீடு.

பின்னால் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். மத்தியக் கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கும் மாணவர் சேர்க்கையில் இடம் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அதன் நாலாவது பிரிவில், இந்தச் சட்டம் பொருந்தாத நிறுவனங்கள் என்று ஓர் அட்டவணை. டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் (பெங்களூர் உயிரியல் மையம் இதன் பிரிவுதான்), தேசிய மூளை ஆய்வு மையம், பெங்களூரின் ஜவஹர்லால் நேரு மையம், ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் கீழ் வரும் மும்பை டாடா நினைவு மையம் என்று போகிறது பட்டியல். புற்றுநோய் நமக்கு வரும். அதை ஆராயும் இடத்தில் சட்டப்படியான இடம் நமக்கு இல்லை.

2019 கதை இன்னும் வேடிக்கை. பல்கலைக்கழகத்தை மொத்தமாக எடுக்காமல் துறை துறையாக இடத்தை எண்ணு என்று 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொல்ல, 2018 மார்ச்சில் யு.ஜி.சி. சுற்றறிக்கை விட்டது. சுழற்சி வரிசையில் எஸ்.சி.க்கு 7ஆவது இடம், எஸ்.டி.க்கு 14ஆவது. ஒரு விலங்கியல் துறையில் மொத்தமே ஆறு ஆசிரியர் என்றால் நமக்கு என்றைக்கும் இடமில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கைவிட்டது. மார்ச் 5 அன்று நாடு தழுவிய பந்த். தெருவில் இறங்கியதும் இரண்டே நாளில் அவசரச் சட்டம் வந்தது, ஜூலையில் சட்டமானது. போராடினால் நடக்கும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அந்தச் சட்டத்தையும் கீழிருந்து படிக்கணும். அதே நாலாவது பிரிவு, அதே அட்டவணை, இம்முறை ஆசிரியர் பதவிக்கு. நாம் முன்வாசலில் வெற்றி முழக்கம் போட்டுக்கொண்டிருந்தபோது பின்கட்டில் ஆணி அடித்திருக்கிறார்கள். எங்களுக்கும் அப்படி ஒரு ஆணி வேண்டும் என்று 2020இல் ஐ.ஐ.டி.கள் தரப்புக் குழு ஒன்று பரிந்துரை எழுதியது.

சரி, பெரிய பதவிகளை விடுவோம். அடிமட்டத்தில் என்ன நடக்கிறது? உயிரியல் முதுகலை முடித்த நம் பிள்ளைகளுக்குக் கண்ணில் படுகிற வேலை என்பது ப்ராஜெக்ட் வேலைதான். பேராசிரியர் டில்லியிலிருந்து மூன்று வருஷத்துக்குப் பணம் வாங்குவார். அதில் ஒரு ஆளுக்குச் சம்பளம் இருக்கும். விளம்பரம் போடுவார்கள். ஒரே ஒரு இடம். அடுத்த பேராசிரியர் தன் பணத்துக்கு வேறொரு விளம்பரம் போடுவார், அதிலும் ஒரே இடம். ஒரு நிறுவனம் வருஷத்துக்கு அறுபது பேரை எடுத்தாலும் அறுபது தனித்தனி இடம்தான், சுழற்சி வரிசை ஒவ்வொரு தடவையும் ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பிக்கும். ஏழு வரவே வராது. 45 நாளோ அதற்கு மேலோ நீடிக்கிற தற்காலிக வேலைக்கும் ஒதுக்கீடு உண்டு என்று மத்திய அரசின் ஆணைகள் இருக்கின்றன. 2022 நவம்பரில் அதைத் திரும்ப நினைவூட்டினார்கள், 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்திலும் அரசு அதைத்தான் சொன்னது. இதை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டால், இது அரசு வேலையே அல்ல, திட்டத்தின் வேலை என்று பதில் வருகிறது.

அந்த 'விரும்பத்தக்க தகுதி'யைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டாயத் தகுதி எல்லோருக்கும் பொதுவாக இருக்கும். முதுகலைப் பட்டம், அறுபது சதவீதம், 'நெட்' அல்லது 'கேட்'. விரும்பத்தக்க தகுதிக்கு வந்தால்தான் தையல்காரர் வேலை தெரியும். வரிக்குதிரை மீனில் முன் அனுபவம், இன்ன வகைப் புற்றணுவை வளர்த்த அனுபவம், இன்ன நுண்ணோக்கியைக் கையாண்ட அனுபவம். எதிர்வீட்டுப் பையனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைக் கடையில் மாட்டி, யாருக்குப் பொருந்துகிறதோ எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்கிற மாதிரி. அந்த மீனை வளர்க்கிற ஆய்வுக்கூடத்துக்குள் ஏற்கனவே போய் வந்தவருக்குத்தான் அந்த அனுபவம் இருக்கும். உள்ளே போக அனுபவம் வேண்டும், அனுபவத்துக்கு உள்ளே போக வேண்டும். சம்பளமில்லாமல் ஆறு மாசம் பயிற்சி என்று பெரிய நகரத்தில் தங்க வசதி இருக்கிற வீட்டுப் பிள்ளை அதை வாங்கிக்கொள்ளும். விவசாயக்கூலி வீட்டுப் பிள்ளை வாங்காது.

எனக்குத் தெரிந்த ஒரு தோழர். உயிர்வேதியியலில் முதல் வகுப்பு. ஆறு வருஷத்தில் நாலு ப்ராஜெக்ட், நாலு ஊர். பயணப்படி இல்லாத வாக்-இன் இன்டர்வியூக்களுக்கு ராத்திரி பஸ்ஸில் போய், பஸ் நிலையக் கழிவறையில் சட்டை மாற்றிக்கொண்டு போனவர். ஒரு இடத்தில் தேர்வுக்குழுவில் இருந்தவர் முதல் கேள்வியாக அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டாராம், இரண்டாவது கேள்வி சொந்த ஊரில் எந்தத் தெரு. பாடத்தில் கேள்வியே வரவில்லை. 'நெட்' இல்லாததால் பக்கத்து மேஜைக்காரருக்கு 31,000 என்றால் இவருக்கு 25,000. 2020 ஆணைப்படி அதுதான் விகிதம். பிறகு தொகை ஏறியதே தவிர வித்தியாசம் போகவில்லை. இருவரும் அதே எலிக்கு அதே ஊசிதான் போட்டார்கள். "ஏம்ப்பா, எலிக்கு ஊசி போடுற வேலைய இன்னும் எத்தன வருசத்துக்குத்தான் பார்ப்ப, ஒன்ன நெரந்தரம் பண்ணமாட்டாங்களா?" என்று அவர் அம்மா கேட்கிறார். எலிக்கூண்டு கழுவுகிற வேலையாவது ஒரு காலத்தில் நிரந்தரமாக, ஒதுக்கீட்டோடு, பென்ஷனோடு இருந்தது. 'டி' பிரிவு என்பதே 2008 ஊதியக்குழுவுக்குப் பிறகு இல்லாமல் போய், கழுவுகிற வேலை கான்ட்ராக்ட்காரர் கைக்குப் போய்விட்டது. மேலே விலக்கு, நடுவே திட்டம், கீழே கான்ட்ராக்ட்.

ஆள் இல்லை என்ற பேச்சைப் பார்ப்போம். 2005-06இல் ராஜீவ் காந்தி பெயரில் ஆய்வு உதவித்தொகை வந்தது. ஆண்டுக்கு எஸ்.சி. 1,333 பேர், எஸ்.டி. 667 பேர். எல்லாப் பாடத்துக்கும் சேர்த்துத்தான். இருந்தாலும் வருஷா வருஷம் வெளியே வந்த இத்தனை பேரும் எங்கே போனார்கள்? ஆய்வுப் பட்டத்துக்கும் பேராசிரியர் வேலைக்கும் நடுவில் இப்போது ஒரு பாலம் வைத்திருக்கிறார்கள், வெளிநாட்டில் சில வருஷம். அங்கிருந்து திரும்புகிறவர்களுக்கென்று அறிவியல் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் தருகிற பெரிய நல்கைகள்தான் நிரந்தர வேலைக்கு நுழைவுச்சீட்டு. இன்ஸ்பயர் ஆசிரியர் நல்கையின் 2016 முதல் 2020 வரைக்குமான கணக்கை நேச்சர் பத்திரிகை 2023 ஜனவரியில் வெளியிட்டது. ஏறத்தாழ 80 சதவீதம் முன்னேறிய சாதியினர், 6 சதவீதம் தலித்துகள், ஆதிவாசிகள் 1 சதவீதம்கூட இல்லை. பெயர்பெற்ற நிறுவனங்களின் பேராசிரியர் பதவியில் தலித்துகளும் ஆதிவாசிகளும் 1 சதவீதத்துக்கும் குறைவு என்றும் அதே கட்டுரை சொன்னது. நாம் சொன்னால் புலம்பல், லண்டனில் அச்சானால் ஆய்வு.

டில்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தில் தலித், பழங்குடி மாணவர்கள் விடுதியில் ஒதுங்கி வாழ நேர்ந்ததையும் தேர்விலும் வகுப்பிலும் பட்ட பாட்டையும் 2007இல் சுகதேவ் தோரட் குழு எழுதியது. 2022 ஜூலையில் நாடாளுமன்றத்தின் எஸ்.சி., எஸ்.டி. நலக்குழு அதே நிறுவனத்தைப் பற்றி அறிக்கை கொடுத்தது. 1,111 ஆசிரியர் இடங்களில் உதவிப் பேராசிரியர் 275, பேராசிரியர் 92 காலி. தகுதியானவர் கிடைக்கவில்லை என்ற வழக்கமான பதிலை ஏற்க முடியாது என்றார்கள் எம்.பி.க்கள். தற்காலிகமாக வருஷக்கணக்கில் அங்கேயே வேலை பார்த்த நம் டாக்டர்கள், அதே இடம் நிரந்தரமாக விளம்பரமானதும் தகுதியற்றவர்களாகிப் போனதையும் கேட்டார்கள். நேற்று வரைக்கும் அந்தக் கையால் ஆபரேஷன் நடந்திருக்கிறது. இன்று அந்தக் கைக்குத் தகுதியில்லை.

ரோகித் வெமுலாவைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அவர் முதலில் சேர்ந்தது உயிரியல் ஆய்வில் என்பது பலருக்குத் தெரியாது. சி.எஸ்.ஐ.ஆர். உதவித்தொகையை வென்று ஐதராபாத் பல்கலைக்கழகத்துக்குள் போனவர். அப்புறம்தான் அறிவியலும் சமூகமும் என்ற ஆய்வுக்கு மாறினார். ஏழு மாதம் அவருக்கு உதவித்தொகை வரவில்லை. 2016 ஜனவரி 17 அன்று இறந்தார். அதே பல்கலைக்கழகத்தில் 2008 பிப்ரவரியில் சேலத்துப் பிள்ளை செந்தில்குமார், பன்றி வளர்க்கும் குடும்பத்திலிருந்து இயற்பியல் ஆய்வுக்குப் போனவர், நெறியாளர் கிடைக்காமலே செத்தார். கைடு என்கிற ஒரு மனிதர் கையெழுத்துப் போட்டால் ஆய்வு, போடாவிட்டால் சாவு என்ற அதிகாரத்துக்கு எந்தச் சுழற்சிப் பதிவேடும் கிடையாது. அந்த நாற்காலியைத்தான் 1975 குறிப்பு பூட்டிவைத்தது. ஆராய்ச்சியை வழிநடத்துகிற பதவி என்றால் நெறியாளர் நாற்காலிதானே?

மாணவத் தோழர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி. உங்கள் நிறுவனத்தில் எந்தெந்தப் பதவிக்கு விலக்கு வாங்கியிருக்கிறீர்கள், அமைச்சரின் ஒப்புதல் நகலைக் கொடுங்கள். கடந்த ஐந்து வருஷத்தில் 45 நாளுக்கு மேல் எடுத்த ப்ராஜெக்ட் ஆட்கள் எத்தனை பேர், அதில் எஸ்.சி., எஸ்.டி. எத்தனை. சுழற்சிப் பதிவேட்டைப் பார்க்க என்றைக்கு வரலாம். அமைச்சர் கையெழுத்தே இல்லாமல், பழக்கதோஷத்தில் விலக்கு அனுபவிக்கிற நிறுவனம் இருந்தால் இப்படிக் கேட்டால்தான் வெளியே வரும்.

மேலே சொன்ன தோழர் தான் கடைசியாக வேலை பார்த்த இடத்துக்கு அப்படி எழுதிப்போட்டார். முப்பதாவது நாள் பதில் வந்தது. முதல் கேள்விக்கு, வேறு அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது. இரண்டாவதற்கு, ப்ராஜெக்ட் ஆட்களின் சாதிவிவரம் பராமரிக்கப்படுவதில்லை. மூன்றாவதற்குப் பதிலே இல்லை. அவர் மேல்முறையீடு போட்டிருக்கிறார்.